பத்தாயிரத்தில் 87 பங்கு

விளம்பரத்தில் இருப்பது இவ்வளவுதான்: எஃப்2, 45 சதுர மீட்டர், மூன்றாம் மாடி, லிஃப்ட், நிலவறை உண்டு, ரயில் நிலையம் நடை தூரம், 1,35,000 யூரோ. ஊர் கூசான்வில். பாரிசுக்கு வடக்கே, வல்துவாஸ் மாவட்டத்தில், ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலின் 'டி' தடத்தில் இருக்கிறது. ஐந்து படம் போட்டிருக்கிறார்கள். ஐந்திலும் வெயில் அடிக்கிறது.

இந்த வீடும் விலையும் கணக்குச் சொல்வதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஊர், ரயில், சட்டம், வரி எல்லாம் உள்ளபடியே.

முதலில் அந்த எஃப்2. இரண்டு அறை என்று அர்த்தம்: ஒரு கூடம், ஒரு படுக்கையறை. சமையலறை, குளியலறை எண்ணிக்கையில் வராது. அந்த 45 சதுர மீட்டரும் சும்மா சொல்வதல்ல. 1996இல் வந்த காரெஸ் சட்டப்படி அளந்து பத்திரத்தில் எழுத வேண்டிய எண். கூரை உயரம் 1.80 மீட்டருக்குக் கீழே உள்ள இடம் சேராது. பால்கனி, நிலவறை, கார் நிறுத்துமிடம் சேராது. பத்திரத்தில் எழுதியதைவிட உண்மையான அளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், ஓராண்டுக்குள் வழக்குப் போட்டு விலையைக் குறைத்து வாங்கலாம்.

வீடு பார்க்கும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, விலை சரியா என்பது. சரியாகத்தான் இருக்கும். 2019 முதல் அரசே விற்பனை விலைகளை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. பக்கத்துக் கட்டடத்து வீடு கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். புறநகரில் சின்ன வீடு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களிடம் பேசினால், அவர்கள் குறைப்படுவது பெரும்பாலும் வேறு ஓர் எண்ணைப் பற்றி. அது விளம்பரத்தில் இருக்காது. 'தாந்தியேம்' என்று பெயர். அதற்கு வருகிறேன். அதற்கு முன் ரயில்.

பாரிஸ் வட்டாரத்தில் மாதப் பயணச்சீட்டு முன்பு தூரத்துக்குத் தகுந்தபடி விலை ஏறும். 2015 செப்டம்பர் 1 முதல் நவிகோ என்ற அந்தச் சீட்டு எல்லா மண்டலத்துக்கும் ஒரே விலை. அப்போது 70 யூரோ, 2025இல் 88.80. அதில் பாதியை முதலாளி தர வேண்டும் என்பது சட்டம். ஆக, பாரிஸ் எல்லையைத் தாண்டிய முதல் நிறுத்தத்தில் குடியிருப்பவருக்கும் கூசான்வில்காரருக்கும் சீட்டுக் காசு ஒன்றுதான். தொலைவுக்கு இப்போது நேரத்தைத்தான் கட்டணமாகக் கொடுக்கிறோம்.

'டி' தடத்தில் கூசான்வில்லிலிருந்து பாரிசின் வடக்கு நிலையமான கார் து நோர் அரை மணிக்குள். காகிதத்தில் அப்படி. ஆனால் கார் து நோருக்கும் நகர நடுவில் உள்ள ஷாத்லே நிலையத்துக்கும் நடுவில் ஒரே சுரங்கத்தை 'பி' தடமும் 'டி' தடமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. விமான நிலையத்துக்குப் போகும் கூட்டம் முழுக்க 'பி'யில். அந்தச் சுரங்கத்தில் ஒரு வண்டி மூன்று நிமிடம் நின்றால் பின்னால் வரும் இரண்டு தடமும் இழுபடும். காலை ஏழரைக்கு நடைமேடையில் நிற்பவருக்கு இதெல்லாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி கரகரத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுப்பார்கள், வேலை இடத்துக்குச் செய்தி அனுப்ப.

'நிலையம் நடை தூரம்' என்பதையும் நம்ப வேண்டாம், நடந்து பாருங்கள். கூசான்வில்லுக்கு ஒரு நிறுத்தம் முன்னால் வீலியே-ல-பெல் என்று ஒரு நிலையம். பெயர்ப்பலகையில் மூன்று ஊர்ப் பெயர் இருக்கும். நிலையம் இருப்பது ஆர்னுவில்லில். வீலியே-ல-பெல்லில் வீடு வாங்கியவர் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு ரெஸ்டாரன்ட் வேலை முடித்து வருகிறவருக்கு அந்த பஸ்தான் வாழ்க்கை. நான் யாரோடு வீடு பார்க்கப் போனாலும், ஏஜென்ட் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னால் சரி என்று போய்விட்டு, அப்புறம் ஒரு வேலை நாளில் காலை 7.40க்கும் ஒருமுறை இரவிலும் அதே வாசலிலிருந்து நிலையம் வரை தனியாக நடந்து பார்க்கச் சொல்வேன். செய்பவர்கள் குறைவு.

வாசலுக்கு வந்தாயிற்று, தபால்பெட்டிகளைப் பாருங்கள். எத்தனை கதவு உடைந்து தொங்குகிறது, எத்தனையில் பெயர் இல்லை, எத்தனையில் ஒரே பெட்டிக்கு நாலு பெயர் ஒட்டியிருக்கிறது. லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பலகை இருக்கும். அதில் 'லிஃப்ட் பழுது, உதிரிபாகம் வர வேண்டும்' என்ற தாளில் என்ன தேதி போட்டிருக்கிறது? மூன்று வாரம் என்றால் சரி. நான்கு மாதம் என்றால் அந்தக் கட்டடத்துக்கு வேறு நோய்.

கூசான்வில்லுக்கு என்றே ஒரு விஷயம், விமானம். 1973 ஜூன் 3ஆம் தேதி, லு பூர்ஜே விமானக் கண்காட்சியில் பறந்து காட்டிய சோவியத் துப்போலெவ் 144 உடைந்து இந்த ஊர் மேல்தான் விழுந்தது. உள்ளே இருந்த 6 பேரும் தரையில் 8 பேரும் இறந்தார்கள். மறு ஆண்டு ருவாசி விமான நிலையம் திறந்தது. பழைய கிராமம் ஓடுதளத்தின் வானவழியில் மாட்டிக்கொண்டதால் சனங்கள் வெளியேற, பல வீடுகளை விமான நிலையமே வாங்கிச் சாத்தி வைத்தது. இன்றும் அங்கே கதவு ஜன்னல் அடைத்த வீடுகளுக்கு நடுவே ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. இன்றைய ஊர் ரயில் நிலையத்தைச் சுற்றி இருக்கிறது, சத்தம் குறைவு, இல்லாமல் இல்லை. ஓர்லி விமான நிலையத்துக்கு இரவு ஊரடங்கு உண்டு, ருவாசிக்கு இல்லை. 2020 ஜூன் முதல், விமானச் சத்த வரைபடத்துக்குள் வரும் வீட்டை விற்பவர் அதை ஆவணத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தாளைப் படித்தால் போதாது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். ஏஜென்ட் பேசிக்கொண்டே இருப்பார், அது அவர் தொழில்.

சரி, தாந்தியேம்.

பிரான்சில் அடுக்குமாடியில் வீடு வாங்கினால் இரண்டு பொருள் சேர்ந்து வருகிறது. உள்சுவர் வரைக்கும் உங்கள் வீடு. அதோடு கூரை, வெளிச்சுவர், படிக்கட்டு, லிஃப்ட், கொதிகலன், சாக்கடைக் குழாய், முன்னால் உள்ள புல்தரை எல்லாவற்றிலும் ஒரு பங்கு. இந்தக் கூட்டுச் சொத்துக்கு 'கோப்ரோப்ரியேத்தே' என்று பெயர். 1965 ஜூலை 10ஆம் தேதியிட்ட சட்டம்தான் இன்றும் அதை ஆள்கிறது. பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லும் எண்தான் தாந்தியேம். பரப்பு, மாடி, இருக்கும் இடம் பார்த்து, கட்டடம் எழும்பிய காலத்திலேயே பிரித்து எழுதியிருப்பார்கள். நம் எஃப்2க்குப் பத்தாயிரத்தில் 87 என்று வைத்துக்கொள்வோம். பொதுக்கூட்டத்தில் உங்கள் வாக்கின் எடை 87. வெளிச்சுவர் பூச 6,00,000 யூரோ என்று முடிவானால் உங்கள் பங்கு 5,220.

எல்லாரும் சேர்ந்து ஒரு நிர்வாகியை நியமிப்பார்கள், அவர் 'சிந்திக்'. பெரும்பாலும் ஒரு கம்பெனி. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'ஷார்ஜ்', அதாவது கட்டடப் பொதுச் செலவில் உங்கள் பங்கைக் கேட்டுக் கடிதம் அனுப்புவார். ஆண்டுக்கு ஒருமுறையாவது பொதுக்கூட்டம் கூட்டுவார். அங்கே நடந்ததை எழுதிய நடவடிக்கைக் குறிப்புக்கு 'பி.வி.' என்று பெயர். வீடு வாங்குபவருக்குக் கடைசி மூன்று வருடத்து பி.வி.யைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது சட்டம். சமையலறை டைல்ஸ் நிறத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்தால் போதும்.

எப்படிப் படிப்பது? ஒரு நண்பருக்காக உட்கார்ந்து படித்த கட்டு ஒன்று நினைவில் இருக்கிறது. முதல் வருடம் தீர்மானம் 14: வெளிச்சுவர் பழுதுபார்ப்பு, நிராகரிக்கப்பட்டது. இரண்டாம் வருடம் தீர்மானம் 11: அதே வேலை, விலை கூடிய மதிப்பீடு, நிராகரிக்கப்பட்டது. மூன்றாம் வருடம் அந்தத் தீர்மானமே இல்லை. பதிலாக, நான்காம் மாடி பால்கனிக்குக் கீழே வலை கட்ட ஒரு சின்னத் தொகை. நண்பர் சந்தோஷப்பட்டார், பெரிய செலவு எதுவும் இல்லையே என்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிமெண்ட் துண்டு விழ ஆரம்பித்துவிட்டது, விழுவதைப் பிடிக்க வலை கட்டியிருக்கிறார்கள்; வேலை வந்தே தீரும், வரும்போது அதை உங்களுக்கு விற்றவர் வேறு ஊரில் இருப்பார். வேண்டாம் என்று மூன்று முறை ஒத்திப்போட்ட வேலையைவிட, கூடி ஒப்புக்கொண்டு முடித்த வேலை எவ்வளவோ மேல். பி.வி.யில் 'நிறைவேற்றப்பட்டது' என்று நிறையப் பார்த்தால் அது நல்ல சகுனம்.

இதில் ஒரு நுணுக்கம். வேலை வாக்கெடுப்பில் போன வருடமே நிறைவேறியிருக்கலாம். ஆனால் சிந்திக் பணம் கேட்கும் தவணைத் தேதி வரும்போது யார் சொந்தக்காரரோ அவர்தான் கட்ட வேண்டும். விற்றவர் கட்டுவார் என்று நினைத்திருந்தால் அதை முன் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். எழுதினால் அது உங்கள் இருவருக்கும் இடையில் செல்லும். எழுதாவிட்டால் வீடு வந்த மறு மாதம் கடிதம் வரும்.

அடுத்து, கட்டாதவர்கள் பட்டியல். கணக்கு இணைப்பில் 'பாக்கி' என்று ஒரு வரி இருக்கும். கட்டடத்தின் ஆண்டு வரவு செலவு 2,40,000 யூரோ, பாக்கி 15,000 என்றால் எங்கும் உள்ளதுதான். பாக்கி 60,000 என்றால் நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். ஒருவர் கட்டாவிட்டால் லிஃப்ட் கம்பெனிக்கும் எரிவாயுக் கம்பெனிக்கும் மற்றவர்கள் காசிலிருந்துதான் போக வேண்டும். லிஃப்ட் நிற்கும். கையில் காசு உள்ளவர்கள் முதலில் விற்றுவிட்டுப் போவார்கள். விலை இறங்கும். இறங்கிய விலைக்கு, வேறெங்கும் வாங்க முடியாதவர்கள் கடனை முட்ட முட்ட எடுத்து வருவார்கள், அல்லது அறைக்கு ஒரு குடும்பம் வைத்து வாடகை வாங்கும் முதலாளிகள் வருவார்கள். இரண்டு வகையும் ஷார்ஜ் கட்டுவதில் தடுமாறும். சுற்று மறுபடி ஆரம்பம்.

பாரிசுக்குக் கிழக்கே கிளிஷி-சு-புவாவில் 'ஷேன் புவான்து' குடியிருப்பு இப்படிப் போனதுதான். 1960களில், யுனெஸ்கோ தலைமையகத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான பெர்னார் செர்ஃபூஸ் வரைந்த கட்டடங்கள். நடுத்தர வர்க்கத்துக்கு என்று கட்டியது. பக்கத்தில் ஏ87 என்ற நெடுஞ்சாலை வரப்போவதாகத் திட்டம். சாலை வரவில்லை. ரயிலும் இல்லை. வேலைக்குப் போக வழி தெரியாத ஊரில் நல்ல கட்டடம் இருந்து என்ன பயன். மேலே சொன்ன சுற்று மெதுவாகச் சுற்றியது. டிராம் வந்து சேர்ந்தது 2019 டிசம்பரில். அதற்கு முன்பே, 2015இல், தேசிய அளவிலான சிறப்பு ஏற்பாட்டின் கீழ் அரசு அங்கே தலையிட்டு வீடுகளை வாங்கத் தொடங்கியிருந்தது. தெற்கே கிரின்யியில் சுமார் 5,000 வீடுகள் கொண்ட 'கிரின்யி 2', 2016இல் அதே ஏற்பாட்டுக்குள் போனது. இந்த இடங்களில் வீடு வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்ல. விலை குறைவாக இருந்தது, வீட்டுக்குள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. கெட்டது கதவுக்கு வெளியே.

அதனால்தான் பெரிய குடியிருப்புக்கும் சின்னக் கட்டடத்துக்கும் இடையில் தேர்வு வந்தால் யோசிக்க வேண்டும். முந்நூறு வீட்டில் ஒருவர் கட்டாவிட்டால் தெரியாது. எட்டு வீட்டில் ஒருவர் கட்டாவிட்டால் கூரை ஒழுகும். ஆனால் முந்நூறு வீட்டில் முடிவெடுக்க ஆள் சேர மாட்டார்கள், எட்டு வீட்டில் படிக்கட்டில் நின்றே பேசி முடித்துவிடலாம். என் விருப்பம் இருபது முப்பது வீடு, லிஃப்ட் ஒன்று அல்லது இல்லவே இல்லை, குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்கள். இது என் அனுபவம்தான், சாஸ்திரம் இல்லை.

எரிசக்தி மதிப்பெண்ணையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 'டிபிஇ' என்ற அந்தத் தாள் வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துப் போடும். 2025 ஜனவரி 1 முதல் ஜி வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2028இல் எஃப், 2034இல் இ. நான் குடியிருக்கத்தானே வாங்குகிறேன் என்பார்கள். நாளைக்குக் குடும்பம் பெருகி வேறு வீட்டுக்குப் போகும்போது இதை வாடகைக்கு விடலாம் என்ற கணக்கும் அதே வாயிலிருந்துதான் வரும். சின்ன வீடுகளுக்கு இந்தத் தாள் ரொம்ப நாளாக அநியாயம் செய்தது. சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்றுதான், அதைப் பங்கு போட சதுர மீட்டர் குறைவு, எனவே மதிப்பெண் கெடும். 2024 ஜூலையில் 40 சதுர மீட்டருக்குக் குறைவான வீடுகளுக்குக் கணக்கைத் தளர்த்தினார்கள். 2026 ஜனவரியில் மின்சாரத்தைக் கணக்கிடும் பெருக்கு எண்ணை 2.3லிருந்து 1.9 ஆக்கினார்கள், மின்சாரத்தால் சூடாகும் வீடுகளில் பல, ஒரு செங்கல்லும் மாறாமல் ஓர் எழுத்து மேலேறின. அதனால் தாளில் எழுத்தோடு தேதியையும் பாருங்கள். சுவரில் பழைய மின் ஹீட்டர் இருந்தால், பிரெஞ்சுக்காரர்கள் அதை ரொட்டி சுடும் டோஸ்டர் என்றுதான் கிண்டல் செய்வார்கள். எழுத்து மேலேறினாலும் பில் இறங்காது.

இனிப் பணம். நோத்தேர் என்பவர் அரசு நியமிக்கும் சட்ட அதிகாரி, அவர் இல்லாமல் இங்கே வீடு கைமாறாது. யாழ்ப்பாணத்தாருக்கு நொத்தாரிசு என்று சொன்னால் உடனே புரியும். 'நோத்தேர் செலவு' என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதில் நோத்தேருக்குப் போவது கொஞ்சம்தான். நம் 1,35,000 யூரோ வீட்டுக்கு, முதல்முறை வாங்குபவர் கட்டும் கைமாற்று வரி சுமார் 5.8 சதவீதம், அதாவது 7,839 யூரோ. நோத்தேரின் கூலி அரசு நிர்ணயித்த படிவரிசைப்படி 1,476, விற்பனை வரியோடு 1,771. பதிவுக் கட்டணம் 135. நகல், சான்றிதழ், அலைச்சல் என்று ஆயிரம் சொச்சம். மொத்தம் 11,000 பக்கத்தில் வந்து நிற்கும், விலையில் எட்டு சதவீதம். புது வீடு என்றால் இது இரண்டு மூன்று சதவீதம்தான், ஆனால் புது வீட்டின் விலை வேறு. விற்பவரின் நோத்தேரோடு உங்களுக்கு என்று ஒருவரை வைத்தாலும் கூலி கூடாது, இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். இது தெரியாமல் நம்மவர்கள் பலர் விற்பவரின் நோத்தேரையே நம்பிப் போகிறார்கள்.

இந்த 11,000ஐ வங்கி பொதுவாகக் கடனாகத் தராது. அது உங்கள் கையிலிருந்து வர வேண்டிய 'அப்போர்'. கையில் 15,000 இருக்கிறது, கடன் 1,31,000, வட்டி 3.3 சதவீதம், 25 வருடம் என்று போட்டால் மாதம் சுமார் 642 யூரோ. காப்புறுதி ஒரு 30. ஆக 672. 2022 ஜனவரி முதல் வங்கிகளுக்குக் கட்டாய விதி ஒன்று இருக்கிறது: கடன் தவணையும் காப்புறுதியும் சேர்ந்து வருமானத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கடன் 25 வருடத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் 1,920 யூரோ வருமானம் காட்ட வேண்டும். முழுநேரக் குறைந்தபட்ச சம்பளத்தில் கையில் வந்தது 2025இல் 1,426. ஒருவர் சம்பளம் போதாது. இருவர் வேலை செய்தால், ஒருவர் பாதி நேரமாக இருந்தாலும், நடக்கும். ஆனால் 672இல் முடிவதில்லை. கூட்டுச் சூடாக்கல் உள்ள கட்டடத்தில் ஷார்ஜ் மாதம் 180 என்றும், சொத்து வரி வருடம் 1,100 என்றும் வைத்தால் மாதம் 940ஐத் தாண்டும். குடியிருப்பு வரி 2023 முதல் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. சொத்து வரி இருக்கிறது. ஜனவரி 1 அன்று சொந்தக்காரர் யாரோ அவர் பெயரில் வரும், நடுவில் கைமாறினால் நாள் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்வது வழக்கம்.

அப்போர் எங்கிருந்து வந்தது என்று வங்கியும் கேட்கும், நோத்தேரும் கேட்பார். நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சீட்டு எடுத்த காசு, மாமா கொடுத்த காசு, கையில் சேர்த்து வைத்த காசு எல்லாம் நியாயமான காசுதான். ஆனால் கடைசி மூன்று மாதக் கணக்கில் திடீரென்று 6,000 யூரோ ரொக்கமாக விழுந்திருந்தால் வங்கிக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நோத்தேருக்கு 3,000 யூரோவுக்கு மேல் போகும் பணம் வங்கி மாற்றலாகத்தான் போக வேண்டும். வீடு வாங்கும் எண்ணம் வந்த அன்றே, ஒரு வருடம் முன்பே, காசைக் கணக்கில் சேர்க்கத் தொடங்குவது நல்லது.

காப்புறுதியைப் பற்றி ஒன்று. 2022இல் வந்த லெமுவான் சட்டப்படி, ஒருவர் பெயரில் 2,00,000 யூரோவுக்குள் கடன் இருந்து, அறுபதாவது பிறந்தநாளுக்குள் கட்டி முடிவதாக இருந்தால், உடல்நலக் கேள்வித்தாள் கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது பெரிய விடுதலை. காப்புறுதியை எப்போது வேண்டுமானாலும் வேறு கம்பெனிக்கு மாற்றவும் செய்யலாம்.

நடைமுறை நீளமானது, சிக்கலானதல்ல. விலை பேசி ஒத்துக்கொண்டதும் 'கொம்ப்ரொமி' என்ற முன் ஒப்பந்தம். ஐந்து முதல் பத்து சதவீதம் முன்பணம். அதன் பின் பத்து நாள், வாங்குபவர் காரணம் எதுவும் சொல்லாமல் விலகலாம். விற்பவருக்கு அந்த உரிமை இல்லை. பி.வி.யை முதல்முறை ஒழுங்காகப் படிப்பது அந்தப் பத்து நாளில் என்றாலும் சரி, படியுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வரும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்கு ஒரு தேதியும் இருக்கும், வழக்கமாக ஒன்றரை இரண்டு மாதம். அந்தத் தேதி தவறினால் கதை வேறு. வங்கி கடன் சம்மதக் கடிதம் அனுப்பினாலும் பத்து நாள் கழித்துத்தான் கையெழுத்துப் போட முடியும். இதற்கிடையில் நகராட்சிக்குக் கடிதம் போகும், இந்த வீட்டை நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டு. இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள்.

மூன்று மாதம் கழித்து நோத்தேர் அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பீர்கள். பத்திரத்தை அவர் திரையில் ஓட்டிக்கொண்டே வாசிப்பார், அவசியமான இடத்தில் நிறுத்தி விளக்குவார். பிரெஞ்சு போதாது என்று அவருக்குத் தோன்றினால் மொழிபெயர்ப்பாளர் வைக்கச் சொல்வார். பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாளே என்றால் நடக்காது. காரெஸ் அளவு, டிபிஇ எழுத்து, விமானச் சத்தம், பாக்கி, 87 என்ற எண் எல்லாம் மறுபடி ஒருமுறை காதில் விழும். மின்திரையில் கையெழுத்து. விற்றவர் சாவிகளை மேசைமேல் வைப்பார். நிலவறைச் சாவி மட்டும் பெரும்பாலும் எது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

குடி போனதும் தபால்பெட்டிக்குப் பெயர்த்தகடு சிந்திக் வழியாகத்தான் செய்ய வேண்டும், எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். அதற்கும் ஒரு பில் வரும். தகடு வரும்வரை ஒரு காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள், ஏனென்றால் பொதுக்கூட்ட அழைப்பு குறைந்தது 21 நாள் முன்பே வந்துவிடும். கூட்டம் வேலை நாளில், மாலை ஆறரைக்கு, நகராட்சி கொடுத்த மண்டபத்தில் இருக்கும். மூன்றாவது தீர்மானம் கணக்குக்கு ஒப்புதல், ஒன்பதாவது வெளிச்சுவர். பெயரைக் கூப்பிட்டு, 87 என்பார்கள். கை தூக்க வேண்டும்.